எண்ணும் இடுகுறியாக இருக்கட்டும்

வாசகர் கேள்விகள்: கணினிப் பக்கம்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஏழு ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன: கம்பியூட்டர் அட்டவணையின் ஒவ்வொரு நிரையையும், அதாவது குறுக்கு வரியையும், மற்றதிலிருந்து பிரித்துக் காட்டும் முதன்மைச் சாவியாக எந்த எண்ணை வைப்பது? கொட்டகலையில் ஒருவர் சங்கக் கணக்கு எழுதுகிறார், பண்டாரவளையில் ஒருவர் லொறிக் கணக்கு எழுதுகிறார், இருவருக்கும் சிக்கல் ஒன்றேதான். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே. பிரின்டர் மை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, எங்கள் தோட்டத்து மரண உதவிச் சங்கத்தின் கணக்கைக் கம்பியூட்டரில் ஏற்றும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. 412 பேர் இருக்கிறார்கள். அங்கத்தவர், சந்தா, உதவித்தொகை என்று மூன்று அட்டவணை போட்டிருக்கிறேன். அடையாள அட்டை இலக்கம் இரண்டு பேருக்கு ஒன்றாக வராது, அதையே முதன்மைச் சாவியாகப் போடு என்று வகுப்பில் சொல்லித் தந்தார்கள். கொழும்பில் வேலை செய்யும் நண்பன், "அதெல்லாம் வேண்டாம், 1, 2, 3 என்று ஒரு ஐடி நிரல் (கொலம்) போடு" என்கிறான். அந்த 1, 2, 3க்கு ஒரு அர்த்தமும் இல்லையே? (வாசகர், கொட்டகலை)

பதில்: தம்பி, நண்பர் சொல்வதைச் செய்யுங்கள். அவர் சொல்லாமல் விட்ட ஒன்றும் இருக்கிறது, அதையும் சேர்த்துச் செய்யுங்கள். அதைப் பதிலின் கடைசியில் சொல்கிறேன்.

அர்த்தம் இல்லையே என்கிறீர்கள். அர்த்தம் இல்லாததுதான் அதன் பலம். பள்ளிக்கூடத்தில் இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று படித்திருப்பீர்கள். மரத்துக்கு ஏன் மரம் என்று பெயர் என்றால் பதில் கிடையாது, அது இட்ட குறி. நாற்காலிக்கு நான்கு கால் என்ற காரணம் உண்டு. ஒரு கால் உடைந்து செங்கல்லில் முட்டுக்கொடுத்து நிற்கிற நாற்காலி எங்கள் வீட்டில் வெகுநாள் இருந்தது. காரணம் போன பிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. எண்களிலும் இந்த இரண்டு சாதி உண்டு. அடையாள அட்டை இலக்கம், தோட்டத்துப் பேர்ப் பதிவேட்டின் செக்ரோல் நம்பர், வாகன இலக்கம் எல்லாம் காரண எண்கள், கம்பியூட்டர்காரர்கள் நேச்சுரல் கீ என்பார்கள். நாமே 1, 2, 3 என்று போடுவது இடுகுறி எண், அவர்கள் மொழியில் சரோகேட் கீ.

முதன்மைச் சாவி அங்கத்தவர் அட்டவணையோடு நின்றுவிடுவதில்லை. சந்தா அட்டவணையின் ஒவ்வொரு நிரையிலும் போய் உட்காரும். 412 பேர் மாதாமாதம் கட்டினால் ஐந்து வருடத்தில் 24,720 நிரை. ஒருவருடைய எண் மாறினால் அவர் கட்டிய அத்தனை மாதத்திலும் அது மாற வேண்டும். ஆகவே இந்த எண் மாறுமா, எல்லாருக்கும் இருக்குமா, ஒருவர் போன பின் இன்னொருவருக்குப் போகுமா என்ற மூன்றையும் முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

அடையாள அட்டை இலக்கத்தை எடுத்துக்கொள்வோம். 1968 பெப்ரவரி 23 அன்று பிறந்த ஒரு பெண் என்று வையுங்கள். பழைய அட்டையில் இலக்கம் 68554 என்று தொடங்கும். 68 பிறந்த வருடம். பெப்ரவரி 23 வருடத்தின் 54ஆவது நாள், பெண் என்பதால் அதோடு 500 கூட்டி 554. பிறகு மூன்று இலக்கத் தொடரெண், ஒரு சரிபார்ப்பு இலக்கம், கடைசியில் வி அல்லது எக்ஸ் என்ற எழுத்து. மொத்தம் பத்து. 2016 முதல் வழங்கும் இலக்கத்தில் எழுத்தே கிடையாது, வருடம் நான்கு இலக்கமாகி மொத்தம் பன்னிரண்டு. பழையதையே 1968554 என்று பன்னிரண்டாக விரித்து எழுதும் வழக்கமும் உண்டு. அப்படியானால் ஒரே அம்மாவை உங்கள் தலைவர் பத்தெழுத்திலும் பொருளாளர் பன்னிரண்டு இலக்கத்திலும் எழுதிவைத்தால், கம்பியூட்டருக்கு அவர் இரண்டு பேர்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2011இல் ஒரு பெண்கள் சேமிப்புச் சங்கத்துக்கு நான் எழுதிய புரோகிராமில் அடையாள அட்டை இலக்கம்தான் முதன்மைச் சாவி, நீளம் பத்து எழுத்து. 2018இல் இரட்டைப் பிள்ளைகளான அக்காவும் தங்கையும் சங்கத்தில் சேர வந்தார்கள். இரண்டு பேரும் ஒன்றாகப் போய் விண்ணப்பித்து எடுத்த அட்டை, இலக்கங்கள் அடுத்தடுத்து. அக்காவின் இலக்கத்தை அடித்ததும் ஏற்றுக்கொண்டது. தங்கையினதை அடித்தால், இந்த அங்கத்தவர் ஏற்கெனவே இருக்கிறார் என்றது. நான் பயன்படுத்திய மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸின் பழைய பதிப்பு பன்னிரண்டு இலக்கத்தைச் சத்தமில்லாமல் பத்தாக வெட்டிச் சேமித்திருந்தது. ஒரே நாளில் பிறந்த இருவருக்கும் வெட்டிய கடைசி இரண்டில்தான் வித்தியாசமே இருந்தது. அந்தப் பிள்ளை மேசைக்கு அந்தப் பக்கம் நின்று, "நான்தான் இன்னும் சேரலையே, மிஸ்" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

நீளம் போதாததுதானே பிரச்சினை, நிரலை நீட்டினால் தீர்ந்தது என்று நினைக்கலாம். தீராது. அந்த எண்ணுக்குள் பிறந்த தேதி இருக்கிறது. லயத்தில் பிறந்து, பதிவு பிந்தி, யாரோ குத்துமதிப்பாகச் சொன்ன தேதியோடு வளர்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! தேதி பிழையென்றால் எண்ணும் பிழை. பழைய இலக்கத்தின் கடைசி எழுத்து வாக்குரிமை இருந்ததா இல்லையா என்று சொல்லும். அது மனிதரின் நிலை, நிலை மாறக்கூடியது.

எல்லாருக்கும் இருக்குமா என்ற கேள்விக்கு நம் மலையகத்தைவிடத் தெளிவான பதில் வேறெங்கும் கிடைக்காது. அடையாள அட்டை வழங்கத் தொடங்கியது 1972இல். 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக நின்ற நம் பெரியவர்களை இந்தியாவோடு செய்த 1964 ஒப்பந்தம் 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே என்று பங்கு பிரித்தது. மிச்சம் 150,000 பேரைப் பற்றி முடிவுசெய்ய 1974 வரை சென்றது. 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை குடியுரிமை இல்லாமலே வேலை செய்து, பிள்ளை பெற்று, சந்தா கட்டி வாழ்ந்தவர்கள் இந்த மலைகளில் இருந்தார்கள்.

என் அம்மாயிக்கு வெகுகாலம் அட்டை கிடையாது. நான் ஏ.எல். முடித்த வருடம் ஓர் உதவித் திட்டத்தில் பெயர் பதிய அவரை ஓர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். பதிந்துகொண்டிருந்த பிள்ளை நல்ல பிள்ளை. பெயர் அடித்தார், விலாசம் அடித்தார், சேமிக்கும் பொத்தானை அழுத்தினார். அடையாள அட்டை இலக்கம் இல்லாமல் திரை நகரவில்லை. இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டு ஒன்பது பூச்சியமும் ஒரு வியும் அடித்தார். "ஏற்கெனவே உள்ளது" என்று வந்தது. எங்களுக்கு முன்னால் யாரோ ஒரு பாட்டி அந்தப் பூச்சியங்களை எடுத்துக்கொண்டுவிட்டார். பிறகு கடைசிப் பூச்சியத்தை 1 ஆக்கினார், 2 ஆக்கினார். 7இல் ஏற்றுக்கொண்டது. அம்மாயி வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த நம்பரை மனப்பாடம் செய்துகொண்டு வந்தார். பிறகு அவருடைய பணம் எந்தப் பூச்சியத்தின் கீழ் போனதென்று கண்டுபிடிக்க ஐந்து மாதம் அலைந்தோம்.

அந்தப் பிள்ளைமேல் குற்றமில்லை. அட்டவணையை வரைந்தவர், அட்டை இல்லாத மனிதர் இருக்க முடியாது என்று எண்ணி வரைந்திருக்கிறார். முதன்மைச் சாவி வெறுமையாக இருக்க முடியாது என்பது டேட்டாபேஸின் விதி. எதைச் சாவியாக்குகிறீர்களோ, அது இல்லாதவருக்கு உங்கள் புத்தகத்தில் இடமே இல்லை. மரண உதவிச் சங்கத்தில் யாருக்கு இடம் இல்லை என்று சொல்லப் போகிறீர்கள்?

அப்படியானால் செக்ரோல் நம்பரைப் போடலாமே என்று அடுத்து நினைப்பீர்கள், காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக் களத்தில் எல்லாரும் அதைச் சொல்லித்தானே பேர் போடுகிறார்கள். எங்கள் அப்பாவின் நம்பர் 214. அவர் வேலையிலிருந்து நின்ற மூன்றாம் மாதம் அதே 214 மேல்கணக்கில் (தோட்டத்தின் மேல் பிரிவில்) புதிதாகப் பதிந்த ஒரு பையனுக்குப் போனது. அப்பா கோயில் திருவிழாவுக்கு வாங்கிய முற்பணத்தில் 600 ரூபாய் பாக்கி இருந்தது. அந்தப் பையனின் முதல் சம்பளத்தில் அது வெட்டப்பட்டது. அவன் அம்மா எங்கள் வாசலில் வந்து நின்றபோது எங்கள் அம்மா ஒன்றும் பேசாமல் பணத்தை எடுத்துக் கொடுத்தார். எண்ணை இன்னொருவருக்குக் கொடுக்கும் உரிமை வேறு யாரிடமோ இருந்தால் அந்த எண் உங்களுடையதல்ல.

ஆகவே சங்கம் தானே ஓர் எண் போடட்டும். சேர்ந்த வரிசைப்படி 1, 2, 3. யார் இறந்தாலும் விலகினாலும் அந்த எண் மறுபடி யாருக்கும் போகாது. அடையாள அட்டை, செக்ரோல், சேமலாப நிதி இலக்கம் எல்லாவற்றையும் தனியே ஓர் அட்டவணையில் எழுதுங்கள்: யாருடையது, என்ன வகை, இலக்கம் என்ன, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை. எங்கள் வீட்டுக் கதையில் 214க்கு இரண்டு நிரை இருந்திருக்கும், அப்பாவுக்கு ஒன்று, அந்தப் பையனுக்கு ஒன்று. அந்த அம்மா எங்கள் வாசல் ஏறியிருக்க மாட்டார்.

சரி, நண்பர் சொல்லாமல் விட்டதற்கு வருகிறேன். இடுகுறி எண் போட்டதும் பலர் வேலை முடிந்ததென்று எழுந்துவிடுகிறார்கள். 57 என்று ஒரு லெட்சுமி, 318 என்று அதே லெட்சுமி மறுபடி. கம்பியூட்டர் தடுக்காது, எண் வேறுவேறுதானே. ஒரே ஆளுக்கு இரண்டு சந்தா, கடைசியில் இரண்டு உதவித்தொகை. அடையாள அட்டை இலக்கத்தைச் சாவிப் பதவியிலிருந்து இறக்கினாலும், இரண்டு பேருக்கு ஒன்று வரக்கூடாது என்ற யுனீக் விதியை அதன்மேல் கட்டாயம் போடுங்கள். போடுமுன் எல்லாவற்றையும் பன்னிரண்டு இலக்க வடிவத்துக்கு மாற்றி ஒரே மாதிரியாக்குங்கள், அட்டையில் உள்ளபடி இன்னொரு நிரலில் வைத்துக்கொள்ளுங்கள். அட்டை இல்லாதவருக்கு அந்த நிரையே இருக்காது. பூச்சியம் அடிக்க வேண்டிய தேவையும் வராது. ஆனால் அப்படிப்பட்டவரைச் சேர்க்கும்போது அதே பெயர், அதே லயம், அதே தகப்பன் பெயரில் வேறு யாரும் இருக்கிறார்களா என்று திரையில் காட்டுங்கள். பார்த்து முடிவெடுக்க வேண்டியது மனிதர்.

கேள்வி: வெலிமடையிலிருந்து தம்புள்ளைக்கும் பேலியகொடைக்கும் மரக்கறி ஏற்றும் லொறிகளின் கணக்கு என்னுடையது. வாகன இலக்கம்தான் சாவி. அது மாறினால் மற்ற அட்டவணைகளில் அதைச் சுட்டும் அந்நியச் சாவிகளும் தானாக மாறும்படி "ஒன் அப்டேட் கஸ்கேட்" போட்டிருக்கிறேன். அது போதாதா? (வாசகர், பண்டாரவளை)

பதில்: டேட்டாபேஸின் நான்கு சுவருக்குள் போதும். ஒரு கட்டளையில் அத்தனை அட்டவணையும் மாறிவிடும், நல்ல வசதிதான். சுவருக்கு வெளியே? கரட் ஏற்றிய லொறியின் துண்டு வியாபாரியின் சட்டைப்பையில் இருக்கிறது, கணக்காய்வாளருக்கு அனுப்பிய எக்செல் அவர் கம்பியூட்டரில் இருக்கிறது, போன மாத பேக்கப் உங்கள் பென்டிரைவில் இருக்கிறது. அங்கெல்லாம் பழைய இலக்கம்தான்.

வாகன இலக்கம் எப்படியெல்லாம் உருமாறியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்ரீ போட்ட தகடு, பிறகு கோடு போட்ட எண் தகடு, பிறகு ஆங்கில எழுத்துத் தகடு. எழுத்துத் தகட்டின் முன்னால் மாகாணம் நின்றது. ஊவாவில் யூபி என்று ஓடிய லொறியை நுவரெலியாக்காரர் வாங்கிப் பதிவை மாற்றினால் சிபி ஆகும். 2023 முதல் அந்த மாகாண எழுத்தும் வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். லொறி அதே லொறி, டயர்கூட மாறவில்லை. உங்கள் கணக்கில் யூபியோடு ஒன்று, யூபி இல்லாமல் ஒன்று என்று இரண்டு லொறி ஓடும், டீசல் செலவு ஒன்றிலும் வருமானம் மற்றதிலும் நிற்கும்.

லொறிக்கு நீங்களே ஓர் எண் போடுங்கள். பதிவிலக்கத்தை எந்தத் தேதியிலிருந்து என்பதோடு தனியே வையுங்கள். பழைய துண்டோடு ஒருவர் வந்தால் அந்தத் தேதியில் அந்த இலக்கம் எந்த லொறிக்கு இருந்தது என்று தேடி எடுக்கலாம்.

கேள்வி: எங்கள் சங்கத்தில் பற்றுச்சீட்டு இலக்கம் ஓட்டோ இன்கிரிமென்ட்டில், அதாவது டேட்டாபேஸ் தானாகக் கூட்டிப் போடும் எண்ணில் ஓடுகிறது. 1,203க்குப் பிறகு 1,206 வந்திருக்கிறது. நடுவில் இரண்டு சீட்டு எங்கே என்று கணக்காய்வாளர் கேட்கிறார். நான் எடுத்துவிட்டேனோ என்பதுபோல் பார்க்கிறார். (வாசகி, இராகலை)

பதில்: தங்கச்சி, மனதைத் தளரவிட வேண்டாம், நீங்கள் ஒன்றும் எடுக்கவில்லை. ஒரு நிரையைச் சேமிக்கத் தொடங்கியதும் டேட்டாபேஸ் அடுத்த எண்ணைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுகிறது. நடுவில் இணைப்பு அறுந்தாலோ பிழை வந்து திரும்பினாலோ நிரை மறையும், கிழித்த எண் திரும்பி ஒட்டாது. ஒரே நேரத்தில் இருவர் பதியும்போது ஒருவர் மற்றவருக்காகக் காத்து நிற்க வேண்டாம் என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் என்ற இரண்டு டேட்டாபேஸிலும் இதுதான் நடப்பு. இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள்.

பிழை எங்கே என்றால், ஒரே எண்ணிடம் இரண்டு வேலை வாங்கியிருக்கிறீர்கள். முதன்மைச் சாவி இயந்திரத்துக்கு உள்ளே இருக்க வேண்டியது, அதில் இடைவெளி விழுந்தால் யாருக்கும் நட்டமில்லை. பற்றுச்சீட்டு இலக்கம் மனிதருக்குக் காட்டுவது, அதற்கு வரிசை முக்கியம். அதற்குத் தனி நிரல் வைத்து, பணம் உறுதியான பிறகு, அந்தப் பதிவோடு சேர்த்தே அடுத்த இலக்கத்தைக் கொடுங்கள். ரத்தான சீட்டை அழிக்காமல் "ரத்து" என்று குறித்து வையுங்கள்.

இன்னொன்றும் பாருங்கள். மைஎஸ்கியூஎல் 8.0க்கு முந்திய பதிப்பானால் எண்ணும் கணக்கு நினைவகத்தில் மட்டும்தான் இருக்கும். கடைசி நிரையை அழித்துவிட்டு சேர்வரை நிறுத்தித் தொடங்கினால், அழித்த அதே எண்ணை அடுத்தவருக்குக் கொடுத்துவிடும். மேலே சொன்ன 214 கதைதான், இந்த முறை கம்பியூட்டரே செய்வது. இராகலையில் மின்சாரம் எத்தனை தடவை போய் வருகிறது என்று எனக்குத் தெரியும், பதிப்பை இன்றே பாருங்கள்.

கேள்வி: நான்கு மடுவங்களில் கொழுந்து நிறுக்கும்போதே போனில் பதிய ஒரு செயலி செய்கிறோம். இரண்டு மடுவங்களில் சிக்னல் அறவே இல்லை. அந்தியில் மேலே ஏறி வந்த பிறகுதான் தரவு போகும். நான்கு போனும் 1, 2, 3 என்று தொடங்கினால் மோதுமே? (வாசகர், மஸ்கெலியா)

பதில்: மோதும். இங்கேதான் யூயூஐடி கைகொடுக்கும். 128 பிட் நீளமான எண், எந்தப் போனும் யாரையும் கேட்காமல் தானே போட்டுக்கொள்ளலாம், இரண்டு போனில் ஒன்றே வருவதற்கான வாய்ப்பு நடைமுறையில் இல்லை. அப்புறம், அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சிக்னல் அறுந்து போன் அதே பதிவை மறுபடி அனுப்பினாலும், அதே யூயூஐடியோடு வருவதால் சேர்வர் அடையாளம் கண்டு இரண்டாவதை ஒதுக்கிவிடும்.

வகை பார்த்து எடுங்கள். நான்காம் பதிப்பு கிட்டத்தட்ட முழுக்கத் தற்செயல் எண். மைஎஸ்கியூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி நிரைகளை முதன்மைச் சாவியின் வரிசையில்தான் அடுக்கி வைக்கும், தற்செயல் எண் வந்தால் ஒவ்வொரு நிரையையும் ஏதோ ஒரு பக்கத்தின் நடுவில் செருக வேண்டிவரும். ஏழாம் பதிப்பு நேரத்தை முன்னால் வைத்துத் தொடங்குவதால் புதியது கடைசியில் போய்ச் சேரும். 2024 மே மாதம் அது தரமாக வெளியானது, போஸ்ட்கிரெஸ் 18இல் அதற்கென்றே ஃபங்ஷன் இருக்கிறது. எழுத்தாகச் சேமித்தால் 36 எழுத்து, பைனரியாகச் சேமித்தால் 16 பைட். பைனரியாகவே வையுங்கள். இன்னோடிபியில் மற்ற இன்டெக்ஸ் (தேடல் பட்டியல்) ஒவ்வொன்றும் முதன்மைச் சாவியின் பிரதியைச் சுமக்கிறது, நீளம் அத்தனை மடங்காகும்.

இங்கேயும் யுனீக் விதியை மறக்க வேண்டாம். காலை, பகல், அந்தி என்று மூன்று நிறுவை. தொழிலாளி, தேதி, நிறுவை மூன்றும் சேர்ந்து ஒரு தடவைதான் வரவேண்டும். இரண்டு சாக்கு கொண்டுவருவோர் இருந்தால் சாக்கு எண்ணையும் சேருங்கள். இல்லாவிட்டால் கணக்கப்பிள்ளை கை தவறி இரண்டு முறை தட்டிய 9 கிலோ 18 ஆகும். பிறகு திருத்துகிறேன் என்று சொல்லி யாரோ ஒருவர் நியாயமான இரண்டாவது நிறுவையையும் வெட்டிவிடுவார். வெயிலிலும் மழையிலும் நின்று பறித்த கொழுந்து அது, ஒரு கிலோகூடத் தவறக்கூடாது.

கேள்வி: ஊர்ப் பெயர்கள் மாறாதே, அவற்றைத் தமிழிலேயே சாவியாக வைக்கலாமா? எங்கள் பட்டியலில் "கொட்டகலை" இரண்டு தடவை வருகிறது, இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது. (வாசகி, தலவாக்கலை)

பதில்: கண்ணுக்கு ஒன்று, இயந்திரத்துக்கு இரண்டு. "கொ" என்ற எழுத்தை யூனிக்கோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். அல்லது ஒற்றைக் கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் சேர்க்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ஒருவர் இந்த விசைப்பலகையிலும் மற்றவர் அந்த விசைப்பலகையிலும் அடித்திருப்பார்கள். போஸ்ட்கிரெஸில் சாதாரணமாக ஒப்பிட்டால் இரண்டும் வேறு. அதன் 13ஆம் பதிப்பு முதல் இருக்கும் நோர்மலைஸ் ஃபங்ஷனில் போட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். சேமிக்குமுன் எல்லாத் தமிழ்ச் சொல்லையும் அதில் ஒரு தடவை ஓட்டி எடுங்கள்.

பெயர் மாறாது என்பதும் சரியில்லை. ஹட்டன், அட்டன் இரண்டையும் எழுதுகிறோம். தோட்டத்துக்குப் பலகையில் ஒரு பெயர், நம் வாயில் ஒரு பெயர். அம்பகமுவ பிரதேச சபையிலிருந்து நோர்வூட்டும் மஸ்கெலியாவும் தனித்தனிச் சபைகளாகப் பிரிந்தபோது, சபையின் பெயரைச் சாவிக்குள் வைத்திருந்தவர்கள் எல்லா நிரையையும் திருத்த உட்கார்ந்தார்கள். ஊருக்கும் எண் போடுங்கள், பெயரைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று நிரலில் வையுங்கள்.

கேள்வி: அப்படியானால் இயற்கைச் சாவி (நீங்கள் சொல்லும் காரண எண்) எங்கேயுமே வேண்டாமா? ஏ.எல். பாடத்துக்காகக் கேட்கிறேன். (மாணவி, ஹட்டன்)

பதில்: வேண்டும் மகள். மாணவர்–பாடம் என்று இரண்டை இணைக்கும் அட்டவணையில் அந்த இரண்டு எண்ணும் சேர்ந்த கூட்டுச் சாவியே போதும், மூன்றாவதாக ஓர் ஐடி எதற்கு? எல்கே, எல்கேஆர் போன்ற நாட்டு, நாணயக் குறியீடுகளும் சாவியாக இருக்கலாம், நிரையைப் பார்த்ததுமே புரியும். எட்கர் கொட் என்ற கணினி அறிஞர் 1970இல் தரவை அட்டவணைகளாக அடுக்கும் உறவுமுறை மாதிரியை எழுதியபோது முதன்மைச் சாவி என்ற கருத்தைத் தந்தார். 1979இல் அவரே, பயனர் கையாளும் சாவிகள் மாறக்கூடியவை என்பதால் அமைப்பே போடும் பதிலிகளை, அதாவது சரோகேட்களைப் பற்றி எழுதினார். பரீட்சைத் தாளில் வினா தந்த பண்புகளுக்குள் சாவியைத் தேடச் சொன்னால் அதையே எழுதுங்கள், இல்லாத ஐடியைச் சேர்க்க வேண்டாம்.

கேள்வி: மூன்று வருடத் தரவு அடையாள அட்டைச் சாவியில் இருக்கிறது. எல்லாவற்றையும் எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்கவா? (வாசகர், நாவலப்பிட்டி)

பதில்: எறிய வேண்டாம். முதலில் பேக்கப். அங்கத்தவர் அட்டவணையில் புதிய எண் நிரல் ஒன்றைச் சேர்த்து நிரப்புங்கள். சந்தா, கடன் அட்டவணைகளிலும் வெற்று நிரல் ஒன்றைச் சேர்த்து, பழைய இலக்கத்தை வைத்து இணைத்துப் புதிய எண்ணை இறக்குங்கள். எத்தனை நிரை வெறுமையாக நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அது பூச்சியம் ஆகும்வரை அடுத்த அடி வைக்க வேண்டாம். பிறகுதான் சாவியை மாற்றுவது, பழைய நிரலில் யுனீக் விதியை வைப்பது.

அந்த இரட்டைப் பிள்ளைகள் வந்துபோன வாரம் நான் இதைத்தான் செய்தேன். 1,860 அங்கத்தவர்கள். கடன் அட்டவணையில் நான்கு நிரை வெறுமையாக நின்றது. அந்நியச் சாவி விதியை நான் அன்று போடாமல் விட்டதால் யாருக்கும் சொந்தமில்லாத நிரைகள் உள்ளே இருந்திருக்கின்றன. இரண்டில் இலக்கத்துக்கு முன்னால் ஒரு இடைவெளி. ஒன்றில் வி இல்லை. நான்காவதில் எட்டுப் பூச்சியமும் ஒரு மூன்றும். கடன் கட்டி முடித்து 4,350 ரூபாய் கூடுதலாக நின்ற கணக்கு. பழைய கொப்பியில் அந்தத் தேதியைத் தேடினேன். பென்சிலில் "ஆறாம் லயம், மூன்றாம் வீடு" என்று மட்டும் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அந்த அம்மா இறந்து இரண்டு வருடம். மகள் தகரப் பெட்டியிலிருந்து பாஸ் புத்தகத்தை எடுத்துக் காட்டினார், அதன் மேலட்டையில் அதே எண் பேனையில் எழுதியிருந்தது. அவருக்கு 1,861 என்று ஓர் எண் போட்டு, அடையாள அட்டை நிரலை வெறுமையாக விட்டு, அடுத்த கூட்டத்தில் மகளிடம் பணத்தைக் கொடுத்தோம்.

உங்கள் பழைய நிரலையும் உடனே அழித்துவிட வேண்டாம், ஒரு கணக்காய்வு முடியட்டும்.